நாதஸ்வரத்துக்குப் பின்னால் இரண்டு கார்கள்

“ஆவணி, 1993. பத்மினி 1089 சி.சி. அம்பாசிடர் 1489 சி.சி. நாதஸ்வரத்தின் வேகத்துக்கு இரண்டுமே தேறவில்லை.”

என் பழைய டைரியில் இருக்கும் குறிப்பு இது. திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு வாடகைக் கார் நிலையத்தை நிர்வகித்த காலம் முழுவதும், எந்த வண்டிக்கு எப்போது டயர் மாற்றினோம், எந்தக் கல்யாணத்துக்கு எந்த வண்டி போனது என்று எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. சில வாரங்களுக்கு முன் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: “அந்தக் காலத்துல எது சார் நல்ல வண்டி? அம்பாசிடரா, பத்மினியா?” நின்ற இடத்தில் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அவருக்கும், அவரைப் போல நம் தொழிலுக்கு வந்திருக்கும் மற்றவர்களுக்குமாக இதை எழுதுகிறேன்.

முதலில் புத்தகம் சொல்வதைச் சொல்லிவிடுகிறேன். அம்பாசிடர் நீளத்திலும் அகலத்திலும் பெரியது, கனமானது. பின் இருக்கையில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். நம் ஊரில் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். பத்மினி அதைவிட ஒரு சாண் ஒடுக்கம், எடையும் குறைவு. ஸ்டியரிங் லேசாகத் திரும்பும், சந்துக்குள் நுழைந்து வெளியே வரும், பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும். எங்களிடம் இருந்த இரண்டு வண்டிகளிலும் நான்கு கியர்தான். கியர் கம்பி ஸ்டியரிங்கை ஒட்டியே இருக்கும். இவ்வளவும் அச்சில் கிடைக்கும். அச்சில் கிடைக்காத ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் அம்பாசிடரை ஓட்டியவர் சுடலைமுத்து. பத்மினியை ஓட்டியவர் மேலப்பாளையத்துக் காதர். சவாரி இல்லாத நேரத்தில் இரண்டு பேருக்கும் ஒரே பேச்சுதான்.

“காதரு, ஒம்ம வண்டிய மடிச்சு என் டிக்கியில வச்சுக்கிட்டுப் போயிருவேன்வே,” என்பார் சுடலைமுத்து.

“வச்சுக்கிடும். ஒம்ம வண்டி குடிக்கிற பெட்ரோலுக்கு, பாதி வழியில நின்ன பொறவு என் வண்டியத்தான எறக்கி ஓட்டணும்,” என்பார் காதர்.

இந்தச் சண்டை தீராமல் ஓடிக்கொண்டிருந்த நாட்களில்தான் விசாலாட்சி டீச்சர் எங்கள் நிலையத்துக்கு வந்தார். சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவர்; அங்கேயே பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அவருடைய கொழுந்தனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி வேண்டும் என்றார். ஆற்றங்கரைப் பிள்ளையார் கோவிலில் இருந்து ஊர்வலம் கிளம்பும். கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி, பெரிய தெரு வழியாக மண்டபத்துக்கு வரவேண்டும்.

“பக்கம்தானே டீச்சர். எந்த வண்டியும் போகும்,” என்றேன்.

“போகும் அண்ணாச்சி. நிக்காமப் போகுமா?” என்றார் அவர்.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவருடைய கல்யாணத்தில், இதே வழியில், இதே பாலத்துக்கு முன்னால், மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த கார் நின்றுவிட்டது. வேறு ஊர் வண்டி அது. மாப்பிள்ளை இறங்கி மண்டபத்துக்கு நடந்தே வந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு மாடு செத்தால், ஒருவருக்கு வேலை போனால், ஒரு வழக்கு தோற்றால், “அன்னைக்குக் காரு நின்னப்பவே தெரியும்” என்று மாமியார் ஆரம்பிப்பாராம்.

பக்கத்தில் நின்ற காதருக்கு வாய் சும்மா இருக்காது. “கோவிச்சுக்கிடாதீங்க டீச்சர். இந்தத் தடவையும் நின்னுட்டா உங்களுக்கு நல்லதுலா? உங்க ராசி இல்லை, அந்த ரோட்டு ராசின்னு ஆயிரும்.”

டீச்சர் அவரை ஏறிட்டுப் பார்த்தார். “அதை நானும் யோசிச்சுப் பாத்தேன். ஆனா வாரது இருவத்திரெண்டு வயசுப் பிள்ளை. நான் கேட்டதை அவ கேக்க வேண்டாம்.”

காதர் தலையைக் குனிந்துகொண்டார். 

தம்பிகளே, வாடிக்கையாளர் வண்டி கேட்கும்போது வண்டியை மட்டும் கேட்பதில்லை. டீச்சர் கேட்டது ஒரு பெண்ணின் வரப்போகும் வருஷங்களை. அதனால் அடுத்த நாளே இரண்டு வண்டிகளையும் அந்த ஊருக்கு ஓட்டிப் போனோம்.

ஒரு காரை ஒப்பிடுவது என்றால் எல்லாரும் எவ்வளவு வேகமாக ஓடும் என்று பார்ப்பார்கள். நாங்கள் எவ்வளவு மெதுவாக ஓடும் என்று பார்த்தோம். கால்வாய்க் கரைச் சாலையில் முதல் கியரைப் போட்டு, ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிடச் சொன்னேன். நான் வண்டிக்கு முன்னால் நடந்தேன். அம்பாசிடர் என் நடைக்குச் சரியாகத் திணறாமல் வந்தது. பத்மினியும் வந்தது, ஆனால் சிறு மேட்டில் இரும ஆரம்பித்தது, காதர் லேசாகக் கால் வைக்க வேண்டியிருந்தது. சிறிய இன்ஜினிடம் அதற்கு மேல் கேட்பது நியாயம் இல்லை.

“பாத்தீரா?” என்றார் சுடலைமுத்து.

“ஒம்ம வண்டி மேனேஜர் நடைக்குத்தான வந்துச்சு. நாயனக்காரர் நடைக்கு வரச் சொல்லும் பாப்போம்,” என்றார் காதர்.

அது நியாயமான கேள்வி. நாதஸ்வரக்காரர்கள் ஊர்வலத்தில் போவதை நடை என்று சொல்ல முடியாது. இரண்டு அடி வைப்பார்கள், நிற்பார்கள், தவில்காரர் பக்கம் திரும்பித் தலையாட்டுவார்கள், இன்னும் ஓர் அடி வைப்பார்கள். நான் அப்படி நடந்து காட்டினேன். இரண்டு வண்டியும் கிளட்சை அரைகுறையாக மிதித்துக்கொண்டுதான் வர முடிந்தது. டைரியில் எழுதியது அன்று மாலைதான்.

இருந்தாலும் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் இரண்டு வண்டியிலும் பாதியைத் தாண்டவில்லை. கால்வாய்ப் பாலம் நடுவில் கூன் விழுந்த மாதிரி உயர்ந்த பாலம். அதிலும் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு அம்பாசிடர் சிரமப்படாமல் ஏறியது. வேலை முடிந்தது, மாப்பிள்ளைக்கு அம்பாசிடரையே அனுப்பலாம் என்று திரும்பக் கிளம்பினோம். அப்போது காதர், தன் வண்டி தோற்ற ஆத்திரத்தில், சுடலைமுத்துவைப் பார்த்து ஒரு கிண்டல் செய்தார்.

“கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளைய இப்படி மொட்டை வண்டியிலயா ஏத்தப் போறீரு? பூ கீ எதுவும் போட மாட்டீரா?”

சுடலைமுத்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் ஊர்க் கல்யாணக் காரை நினைத்துப் பாருங்கள். பானெட்டின் மேல் பூப்பாய். முன்பக்கக் கிரில்லை மறைத்து மாலை மேல் மாலை. வண்டி மூச்சு விடுவதே அந்தக் கிரில் வழியாகத்தான். ஓடுகிற வண்டிக்காவது காற்று எப்படியோ உள்ளே புகும். நகராத வண்டிக்கு ஏது காற்று? இத்தனை கல்யாணத்துக்கு வண்டி அனுப்பிய எங்களுக்கு, சோதனை ஓட்டத்தில் பூ ஞாபகம் வரவில்லை.

பக்கத்து வீட்டில் இரண்டு சாக்கு வாங்கி, நனைக்காமல், கிரில்லில் கட்டிவிட்டு மறுபடி ஓட்டினோம். பத்மினியின் முள் முதலில் ஏறியது. அம்பாசிடரின் முள் கொஞ்சம் பொறுத்து ஏறியது. பொறுத்தது என்பதுதான் வித்தியாசம், ஏறாமல் இருக்கவில்லை. எந்த நாட்டில் செய்த வண்டியாக இருந்தாலும் மூக்கைப் பொத்தினால் அப்படித்தான்.

அன்றே இரண்டு முடிவுகள் எடுத்தேன். ஒன்று, கிரில்லில் பூ கட்டக் கூடாது என்று அலங்காரக்காரரிடம் சொல்லிவிடுவது. அவர் முனகினார், “மூஞ்சியில பூ இல்லாத காரு எழவு வீட்டுக்குப் போற காரு மாதிரி இருக்கும்வே” என்றார். பானெட்டிலும் கூரையிலும் இரண்டு மடங்கு போட்டுக்கொள்ளும் என்று சமாதானம் செய்தேன். இரண்டாவது, நாதஸ்வர வித்வானைப் போய்ப் பார்ப்பது. வழியில் மூன்று இடங்களில் நின்று வாசிக்க வேண்டும் என்று கேட்டேன்.

“எங்க வாசிப்புல நீரு கணக்குச் சொல்லுதீரா?” என்றார் அவர்.

“இல்லைங்க. நிறுத்தச் சொல்லலை, நின்னு வாசிக்கச் சொல்லுதேன். கார் லைட்டை ஒரு தடவை போட்டு அணைப்பேன். உங்க நிழல் முன்னால ரோட்டுல விழுந்தா, அந்த இடத்துல நில்லுங்க.”

அவர் சிரித்துவிட்டார். “நடந்துக்கிட்டே வாசிச்சு மூச்சுப் போகுதுன்னு நாங்க எத்தனை வருஷமா சொல்லுதோம். ஒரு கார்க்காரரு வந்து நில்லுங்கன்னு சொல்லுதாரு. நிக்கோம்வே.”

அந்த நிறுத்தங்களில் இன்ஜினை அணைத்துவிடுவது என் திட்டம். ஊர்வலம் நிற்கும்போது கார் நிற்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஊர்வலம் போகும்போது கார் நின்றால்தான் அது சகுனம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை, பிள்ளையார் கோவிலில் தீபாராதனை முடிந்தது. மாப்பிள்ளை அம்பாசிடரின் பின் இருக்கையில் ஏறினார். பெண்களை ஏற்றிக்கொண்டு காதரின் பத்மினி பின்னால் நின்றது. நான் சுடலைமுத்துவின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நடந்துவரத் தயாரானேன். அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தார். இரண்டு ஆள் சுமந்துவந்த ரோஜா மாலை ஒன்று அவர் பின்னால் வந்தது.

“என் மருமவன் ஏறுன காருக்கு மாமன் மாலை போடணும்லா?” என்று சொல்லி, தானே குனிந்து, கிரில்லை மறைத்து அதைக் கட்டினார். கட்டிவிட்டு முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

தாய்மாமன் கட்டிய மாலையை ஊர் பார்க்க அவிழ்த்தால் கல்யாணமே வேறு திசைக்குப் போய்விடும். சுடலைமுத்து என்னைப் பார்த்தார். “ஓட்டும்,” என்றேன். இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

மேளம் கிளம்பியது. கோவில் வளைவு திரும்புவதற்குள்ளேயே முள் பாதியைத் தாண்டிவிட்டது. நான் திட்டமிட்டிருந்த முதல் நிறுத்தம் இன்னும் தூரத்தில் இருந்தது. காத்திருக்கவில்லை, லைட்டைப் போட்டு அணைக்கச் சொன்னேன். வித்வானின் நிழல் சாலையில் நீண்டு மறைந்தது. அவர் நின்றார். தவிலும் நின்ற இடத்தில் சூடு பிடித்தது. சுடலைமுத்து சாவியைத் திருப்பினார்.

தாய்மாமன் காதைத் தீட்டிக்கொண்டார். “ஏன்வே, சத்தத்தைக் காணோம்?”

“பெரிய வண்டிலா அண்ணாச்சி. நின்னா சத்தம் கேக்காது,” என்றார் சுடலைமுத்து.

அம்பாசிடர்தான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தவர் இந்தத் தாய்மாமன்தான். திருப்தியாகச் சாய்ந்துகொண்டார்.

நிற்பது மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும். இன்ஜின் நின்றால் விசிறியும் நின்றுவிடும். உள்ளே தேங்கிய சூடு இறங்க நேரம் பிடிக்கும். அதுவரை வித்வானின் மூச்சு தாங்க வேண்டும். பானெட்டைத் திறக்கவும் வழியில்லை, மேலே பூப்பாய். அப்போது பத்மினியில் இருந்து டீச்சர் இறங்கி வருவதைப் பார்த்தேன். கையில் பன்னீர்ச் செம்பு. அவர் மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கிரில்லை நோக்கிக் கண்ணைக் காட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

“மாமா கட்டுன மாலை அதுக்குள்ள வாடுது பாருங்க,” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். செம்பில் இருந்ததை முழுவதும் மாலையின் மேல் தெளித்தார். பிறகு பக்கத்து வீட்டு வாசலில் நின்ற பெண்ணிடம் ஒரு குடம் தண்ணீர் கேட்டு வாங்கி, அதையும் கையால் அள்ளி அள்ளி மாலையில் விட்டார். தண்ணீர் பூ வழியாக உள்ளே இறங்கி ரேடியேட்டரில் பட்டது. மெல்லிய ஆவி எழுந்தது. சாம்பிராணிப் புகையோடு அது கலந்துபோனது. தாய்மாமன் தலையை நீட்டி, “நல்லா விடு தாயி, நெறைய விடு,” என்றார். தன் மாலைக்கு இவ்வளவு மரியாதையை அவர் எதிர்பார்க்கவில்லை.

முள் இறங்கியது. சுடலைமுத்து சாவியைத் திருப்பினார், இன்ஜின் உடனே பிடித்தது. நனைந்த மாலை, சாக்கைப் போலச் சூட்டை அடைக்கவில்லை. ஈரப்பாயாக நின்று குளிர்ச்சி தந்தது. இரண்டாவது நிறுத்தத்தில் மறுபடி தண்ணீர்.

மூன்றாவது நிறுத்தம்தான் கடினம், பாலத்துக்கு முன்னால். மேளக்காரர்கள் பாலத்தின் கூனில் நின்றுவிட்டால் வண்டி சரிவில் தொங்கவேண்டி வரும். அதனால் அவர்கள் முழுவதும் தாண்டிய பிறகுதான் லைட்டைப் போடச் சொன்னேன். நாங்கள் பாலம் ஏறும் இடத்தில் நின்றோம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கார் நின்ற இடம் அதுதான். தெருவில் நின்ற கிழவிகளுக்கும் அது தெரியும் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. மாமியாரும் பத்மினியின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

காதர் தன் வண்டியைப் பைய முன்னால் நகர்த்தி அம்பாசிடருக்குப் பின்னால் ஒட்டினாற்போல நிறுத்தினார். தலையை நீட்டி, சிரித்துக்கொண்டே, பல்லுக்கிடையில் சொன்னார்: “சுடலை, பிடிக்கலைன்னா முட்டித் தள்ளுதேன். என் வண்டி தள்ளித்தான் ஒம்ம வண்டி பாலம் ஏறுச்சுன்னு ஜங்ஷன் பூராச் சொல்லுவேன்.”

டீச்சர் மூன்றாவது முறையாகத் தண்ணீர் விட்டார்.  வித்வான் பாலத்துக்கு அப்பால் ராகத்தை முடிக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தார். முள் இறங்கியது. சுடலைமுத்து சாவியைத் திருப்பினார். பிடிக்கவில்லை. ஒரு மூச்சு விட்டு மறுபடி திருப்பினார். பிடித்தது. முதல் கியரில், திணறாமல், அம்பாசிடர் கூனில் ஏறி இறங்கியது.

பத்மினி முட்டியதா என்பதில் இரண்டு ஓட்டுநர்களுக்கும் கடைசிவரை சண்டை. பத்மினியின் பம்பரில் ஒட்டியிருந்த ரோஜா இதழைக் காதர் சாட்சியாகக் காட்டிக்கொண்டு திரிந்தார். நான் பக்கத்தில் நின்றவன். இப்போது சொல்கிறேன், முட்டவில்லை. ஒரு முழம் இடைவெளி இருந்தது. ஆனால் அந்த ஒரு முழத்தில் பத்மினி நின்ற தைரியத்தில்தான் சுடலைமுத்து பதறாமல் இரண்டாவது தடவை சாவியைத் திருப்பினார். எது நல்ல வண்டி என்று கேட்ட தம்பிக்கு என் பதில் இதுதான். அன்றைக்கு முன்னால் போக அம்பாசிடர் வேண்டும், பின்னால் நிற்கப் பத்மினி வேண்டும். என் நிலையத்தில் இரண்டும் இருந்தன. அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

மண்டபத்தில் மாமியார் பலர் நடுவில் சொன்னார்: “சின்னவனுக்குக் காரு நிக்காம வந்துச்சு பாத்தியளா.” சொல்லிவிட்டு மூத்த மருமகள் பக்கம் ஒரு பார்வை. டீச்சர் சிரித்தபடி பந்திக்கு இலை எடுத்துக்கொண்டு போனார்.

கல்யாணம் முடிந்த பிறகு ஒருநாள், பத்மினியில் விட்டுப்போன பன்னீர்ச் செம்பை வாங்க டீச்சர் நிலையத்துக்கு வந்தார்.

“மூணு தடவை நின்னுச்சுல்லா அண்ணாச்சி?”

“ஆமா டீச்சர். நாமதான் நிறுத்துனோம்.”

செம்பைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார்: “அப்போ என் கல்யாணத்துல வந்த டிரைவரும் சூடு ஆறட்டும்னு அவராவே நிறுத்தியிருப்பாரோ? அதுக்குள்ள இவங்க மாப்பிள்ளையை எறக்கிட்டாங்களோ?”

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். சும்மா சொல்லவில்லை, விசாரித்தேன். அந்த ஓட்டுநர் இறந்துபோயிருந்தார். அவரோடு வேலை பார்த்த ஒருவர், மேளம் நின்றால் இன்ஜினை அணைப்பது அவருடைய வழக்கம் என்றார். வண்டியை மறுநாள் பார்த்ததாகச் சொன்ன மெக்கானிக், விசிறி பெல்ட் அறுந்திருந்தது என்றார். இரண்டு பேருமே நினைவில் இருந்து சொன்னவர்கள். டீச்சரிடம் இரண்டையும் அப்படியே சொன்னேன்; எது உண்மை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும் சொன்னேன்.

அவர் முகம் தெளிந்தது. “பன்னிரெண்டு வருஷமா எல்லாரும் உறுதியாச் சொன்னாங்க அண்ணாச்சி. உறுதியாத் தெரியலைன்னு சொன்னது நீங்க ஒருத்தருதான்,” என்றார்.

அந்த டைரிப் பக்கத்தின் அடியில் பிறகு ஒரு வரி சேர்த்தேன். இன்றும் அதை மாற்ற எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை: “டீச்சர் கல்யாணத்து வண்டி தானாக நின்றதா, ஓட்டுநர் நிறுத்தினாரா என்பது உறுதி செய்யப்படவில்லை.”